தும்மலில் விழுந்த நூலகம்

“நான் போட்டது ஒரே ஒரு தும்மல். ஒரு பல்கலைக்கழகமே பொத்துனு விழுந்துடுச்சு. மறுநாள் போய்ப் பார்த்தா அந்த இடத்துல புல்லு முளைச்சிருக்கு!”

சாப்பாட்டு மேசையில் மாமா இப்படி அறிவித்தபோது சிட்டு குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் பாதி தொண்டைக்கும் பாதி மூக்குக்கும் போய்விட்டது. அத்தை அவள் தலையில் தட்டிக்கொண்டே, “ஒன்பதாவது மாடியில புல்லு முளைச்சுதாம். மேய்க்கிறதுக்கு மாட்டை லிஃப்ட்ல ஏத்தி அனுப்பினீங்களா?” என்றாள்.

“நீ நம்பாட்டிப் போ. சாட்சி உக்காந்திருக்கு பாரு” என்று மாமா கரண்டியால் எதிரே காட்டினார்.

எதிரே உட்கார்ந்திருந்தவள் மாமாவின் தங்கை மகள். வீட்டில் எல்லோருக்கும் அவள் ஆடிட்டர். பால்பல் விழுகிற வயதிலேயே வந்த பட்டம் அது. மாமா நூறு என்றால் அவள் பத்து என்று வெட்டுவாள். புலி என்றால் பூனை என்பாள். வெட்டிய மிச்சத்தையும் இன்னொரு தரம் சரிபார்ப்பாள். இப்போது வணிக மேலாண்மை இறுதியாண்டு. பட்டமே இனிமேல்தான் வரப்போகிறது, பட்டப்பெயர் எப்போதோ வந்துவிட்டது.

மாமாவைத் தெரிந்தவர்களுக்கு ஆடிட்டர் மாதிரி ஒருத்தி எவ்வளவு தேவை என்பதும் தெரியும். இந்த நகரத்தில் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர். அவர் சொல்வதைக் கேட்டால், அவருடைய பேருந்தில் ஏறாதவர் இந்த நகரத்தில் இன்னும் பிறக்கவில்லை. ஒருமுறை பிரேக் பிடிக்காமல் போனபோது வண்டியோடு நல்லபடியாகப் பேசியே அதை நிறுத்தினார். கண் தெரியாத மூடுபனியில் கண்ணை மூடிக்கொண்டே ஓட்டினார், திறந்து வைத்திருந்தாலும் அதே இருட்டுதானே. எண்கள் அவர் காதுக்குள் நுழையும்போது ஒல்லியாகத்தான் நுழையும். வாய் வழியாக வெளியே வரும்போது கதவு கொள்ளாது.

ஆனால் அன்று அவர் வெறுமனே அளந்துகொண்டிருக்கவில்லை. வாசல் கதவை ஒட்டி ஒரு நீலப் பெட்டி நின்றது. சிட்டுவின் பெட்டி. சாப்பாடு முடிந்ததும் அவளை அழைத்துப்போக வேன் வரப்போகிறது.

சிட்டு அத்தையின் சிநேகிதி மகள். மொழி வகுப்புக்கென்று இந்த நாட்டுக்கு வந்தவள். வகுப்பு முடிந்து விடுதி மூடிவிட, அடுத்து எந்தக் கல்லூரி என்று தீர்மானமாகிற வரைக்கும் இருக்கட்டும் என்று அத்தை வீட்டுக்குக் கூட்டி வந்திருந்தாள். வந்த நாளிலிருந்து வணிகப் படிப்புகளைப் பற்றியே பேச்சு. இது தரவரிசையில் மேலே, அது வேலைவாய்ப்பில் மேலே, இன்னொன்றில் இடம் இல்லை, மற்றொன்றில் பதிலே இல்லை. திடீரென்று முந்தாநாள் ஒரு கல்லூரி. உடனே சேர்க்கை. முதல் வாரத்திலேயே வேலை. தங்குமிடமும் அவர்களே. வேனும் அவர்களே.

“நம்ம மொழியிலயே பேசுறாங்க அங்கிள், எவ்வளவு பாசமா!” என்றாள் சிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு. “நீங்க என்னடான்னா தும்மல், புல்லுன்னு பயமுறுத்துறீங்க.”

“பாசமாப் பேசுற பல்கலைக்கழகம் எங்கயாவது இருக்கா? நல்ல பல்கலைக்கழகம்னா நாலு தரம் போன் பண்ணாலும் எடுக்கக் கூடாது. அதுதான் அதுக்கு அழகு” என்றார் மாமா.

“சும்மா இருங்க” என்றாள் அத்தை. “பாவம், அந்தப் பொண்ணு நல்லது நடக்கப்போற நேரத்துல… இந்த மனுஷன் ஊரையே ஊதிப் பெருசாக்குற ஆளு, நீ காதுல வாங்காத பாப்பா. அன்னிக்கு ஏதோ ஒரு அட்டைப் பலகை இவர் கை பட்டு விழுந்திருக்கும். அதைப் பல்கலைக்கழகம் ஆக்கிட்டாரு.”

“கையா? என் கையா? ஏ ஆடிட்டர், நீயே சொல்லு. தும்மலா, கையா?”

மூன்று முகங்களும் அவள் பக்கம் திரும்பின. இதுவும் வழக்கம்தான். கல்யாண வீடோ, பிறந்தநாளோ, நாலு பேர் கூடிய எந்த இடத்திலும் மாமா தும்மல் கதையை எடுப்பார், கடைசியில் கரண்டியையோ விரலையோ அவள் பக்கம் நீட்டுவார். அவளும் ஒரே பதிலைத்தான் சொல்வாள். இன்றைக்கும் சொன்னாள்.

“மாமா கதை விடுறாரு.”

எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். ஆனால் அவள் தட்டைப் பார்த்தபடியே சொன்னதை அவர் கவனித்தார். அவர் கவனித்ததை அவளும் கவனித்தாள்.

நடந்தது இதுதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆடிட்டரும் சிட்டு மாதிரிதான் இருந்தாள். பட்டப் படிப்புக்கு முந்தைய அடிப்படைப் படிப்பு முடிந்துவிட்டது, தங்குவதற்கான அனுமதி முடியப்போகிறது, அதற்குள் ஒரு வணிகப் படிப்பில் இடம் பிடிக்காவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் போய்ச் சேர வேண்டியதுதான். பழைய பெரிய பல்கலைக்கழகம், காத்திருப்போர் வரிசையில் இருக்கிறீர்கள் என்று ஒரு வரி எழுதிப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டது. அந்த ஒரு வரியை அவள் எத்தனை தரம் படித்தாளோ, எழுத்துக்கே கூச்சம் வந்திருக்கும். இன்னொன்று, ரயிலில் போனால் தூங்கி எழுந்து மறுபடி தூங்குகிற தூரம்.

மூன்றாவதுதான், அவள் கோபுரம் என்று கூப்பிட்ட கல்லூரி. பெயர் என்னவோ நீளமாக இருந்தது. உலகம், தலைமை, வணிகம், புதுமை எல்லாம் வரிசையாக வரும். நகரத்து வங்கிகள் நிற்கிற தெருவில் கண்ணாடிக் கட்டடம், ஒன்பதாவது மாடி. அங்கிருந்து ஒரு ஆலோசகி தினமும் அழைப்பாள். அந்தக் குரலைக் கேட்டால் எறும்பு தொலைபேசிக்குள் ஏறிவிடும். அவ்வளவு தேன். ஆடிட்டர் அவளுக்குத் தேன் என்றே பெயர் வைத்துவிட்டாள்.

“சாப்பிட்டியா கண்ணு? முடிவு பண்ணிட்டியா கண்ணு? உனக்குன்னு ஒரு இடம் எடுத்து வச்சிருக்கேன், வேற யாருக்கும் தரமாட்டேன்.”

ஆடிட்டர் ஏமாளி இல்லை. கேள்விகளைத் தயார் செய்துகொண்டு நேரில் போனாள். எத்தனை பேர் தேறுகிறார்கள், ஆசிரியர்கள் யார், இங்கே படித்த பாடத்தை வேறு பல்கலைக்கழகம் ஏற்குமா. தேன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். “அதெல்லாம் எழுத்துல வந்துடும் கண்ணு. முதல்ல இடத்தைப் பாரு.”

இடத்தைப் பார்த்தாள். லிஃப்டில் ஒன்பதை அமுக்கினால் போகாது. தேன் கழுத்தில் தொங்கிய அட்டையைக் காட்டினால்தான் போகும். நல்ல பாதுகாப்பு என்று ஆடிட்டர் நினைத்துக்கொண்டாள். மேலே புதுப் பெயின்ட் வாசனை கண்ணைக் கரித்தது. செடிகள் எல்லாம் பிளாஸ்டிக். வகுப்பறை ஒன்றின் கதவைத் திறந்து காட்டினாள் தேன். ஒவ்வொரு மேசையிலும் ஒரு பெயர் ஒட்டியிருந்தது. ஜன்னலோர மேசையில் அவள் பெயர். இன்னும் சேரவே இல்லை, பெயர் வந்துவிட்டது. அவளுக்கு உடம்பு ஒருமாதிரி சிலிர்த்தது. அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டாள்.

பிறகு நூலகம். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், தரையிலிருந்து கூரை வரைக்கும் ஒரு சுவர் நிறையப் புத்தகங்கள். அப்படி ஒரு நூலகத்தை மாமா வர்ணித்திருந்தால் அவள் பாதியாக வெட்டியிருப்பாள். சுவருக்கு முன்னால் ஐந்தாறு மாணவர்கள் குனிந்து படித்துக்கொண்டிருந்தார்கள். சத்தமே இல்லை. பக்கம் புரட்டுகிற சத்தம்கூட இல்லை.

ஒருத்தி பச்சை ஸ்வெட்டர் போட்டிருந்தாள். அவள் கைமுட்டியில் பார்சல் ஒட்டுகிற பழுப்பு டேப் துண்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. விரல் நுனிகள் வெடித்து, சில இடங்களில் பிளாஸ்திரி.

“சரக்கு நிர்வாகம் படிக்கிற பொண்ணு” என்றாள் தேன். “நம்ம கல்லூரியில கைவேலையோடதான் படிப்பு. முதல் வாரத்திலேயே கிடங்குக்கு அனுப்பிடுவோம்.”

ஆடிட்டருக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. வெறும் ஏட்டுப் படிப்பு இல்லை, பார்த்தீர்களா! வீட்டுக்கு வந்து தன் கணினி அட்டவணையில் கோபுரத்துக்கு நேராகப் பச்சை நிறம் அடித்தாள். அந்தப் பச்சை ஸ்வெட்டர்க்காரி தலையை நிமிர்த்தாமலே கண்ணை மட்டும் உயர்த்தி அவளை ஒருதரம் பார்த்ததை அட்டவணையில் எந்தக் கட்டத்தில் போடுவது என்று தெரியவில்லை. விட்டுவிட்டாள்.

இரண்டாவது தரம் போனபோது மாமாவும் ஒட்டிக்கொண்டார். “பொண்ணைச் சேர்க்கப் போற இடத்துல ஆம்பளைத் துணை இல்லாமலா? நான் வந்தா அவங்களே எழுந்து நிப்பாங்க. இந்த நகரத்துல மந்திரி முதல் மயில் வரைக்கும் என் வண்டியில ஏறியிருக்கு.” ஓய்வு பெற்ற அன்று கொடுத்த கோட்டைப் போட்டுக்கொண்டார். அவருக்கு முன்னால் அந்தக் கோட்டின் பொத்தான்கள்தான் போகும்.

அன்று சேர்க்கை நாள். பாஸ்போர்ட்டைக் கொண்டு வரச் சொல்லியிருந்தாள் தேன். நகல் போதாது, அசலே வேண்டும், பதிவுக்காகக் கொஞ்ச நாள் கல்லூரிப் பாதுகாப்பில் இருக்கும். ஒரு பெட்டியில் மாற்றுத் துணியும் கொண்டு வரச் சொல்லியிருந்தாள், அறிமுக முகாமுக்கு அப்படியே வேன் கிளம்புகிறது என்று.

“துணி எதுக்கு? பாடம் சொல்லித் தரப்போறாங்களா, துவைச்சுத் தரப்போறாங்களா?” என்று, தேன் மேலேயிருந்து அனுப்பிவைத்த லிஃப்டில் மாமா கேட்டார்.

“முகாம் மாமா. எல்லா பிசினஸ் ஸ்கூல்லயும் உண்டு.”

“எந்த ஊர் முகாம்?”

அது அவளுக்குத் தெரியவில்லை. கேள்விகளின் ராணி அவள். அந்த ஒன்றை மட்டும் கேட்க மறந்திருந்தாள். லிஃப்ட் ஒவ்வொரு மாடியாக ஏறிக்கொண்டிருந்தது. எந்த மாடியிலும் யாரும் ஏறவில்லை.

தேன் வாசலிலேயே நின்றாள். மாமாவைப் பார்த்ததும் அவள் சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் மாறியது. “பெரியவங்க இங்கேயே உக்காருங்க. உள்ள மாணவர்கள் மட்டும்தான்.”

“நானும் மாணவன்தான் தாயி. ஆயுசு பூராவும் படிச்சிட்டே இருக்கேன்” என்று சொல்லிவிட்டு மாமா நாற்காலியைச் சுற்றிக்கொண்டு உள்ளே நடந்துவிட்டார். அகலத் தோள்காரன் ஒருவன் நூலக வாசலில் நின்றான். கதவை நோக்கி வருகிற பேருந்தை எப்படி நிறுத்துவது என்று யோசிப்பவன் மாதிரி ஒரு நொடி தயங்கினான். அந்த ஒரு நொடி போதுமே மாமாவுக்கு.

ஆடிட்டர் பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினாள். தேன் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். “போனையும் கொடுத்துடு கண்ணு. நூலகத்துல அனுமதி இல்லை.” அதையும் கொடுத்தாள். ஒரு மேசையின் இழுப்பறை திறந்து, போன் உள்ளே போயிற்று. திறந்த அந்த நேரத்தில் உள்ளே இருந்தது அவள் கண்ணில் பட்டது. ரப்பர் வளையம் போட்ட பாஸ்போர்ட் கட்டுகள். ஒன்றிரண்டு கட்டு இல்லை. எத்தனை நாட்டு அட்டைகள், எத்தனை நிறங்கள். சில வளையங்கள் நைந்து இற்றுப்போயிருந்தன. கொஞ்ச நாள் என்றார்களே, ரப்பர் இற்றுப்போகிற அளவுக்கா கொஞ்ச நாள்?

வாய் வரைக்கும் வந்த கேள்வி வாயிலேயே நின்றது. இத்தனை தூரம் வந்துவிட்டு, இப்போது கேட்டால் அந்த இடம் போய்விடுமோ என்ற பயம். இந்தப் பயத்தில் எத்தனை பேர் வாயை மூடிக்கொண்டு அந்த லிஃப்டில் ஏறியிருப்பார்கள்!

நூலகத்தில் அதே ஐந்தாறு பேர் அதே நாற்காலிகளில். முதல் தரம் பார்த்தபோது எந்தப் பக்கத்தில் குனிந்திருந்தார்களோ அதே பக்கத்தில். அந்தப் பக்கத்து வரைபடம்கூட ஞாபகம் இருந்தது அவளுக்கு, நீலத்தில் ஒரு வட்டம், அதை இரண்டாகப் பிளந்த ஒரு கோடு. பச்சை ஸ்வெட்டர்க்காரியின் முன்னால் ஒரு காகிதக் கோப்பை இருந்தது. அவள் அதை எடுத்து உறிஞ்சினாள். வெறும் கோப்பை. வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எடுத்து உறிஞ்சினாள்.

“மாமா,” என்றாள் ஆடிட்டர், மெதுவாக.

மாமா அங்கே இல்லை. அதாவது உடம்பு இருந்தது, மனிதர் வேறு வேலையில் இருந்தார். புதுப் பெயின்ட் அவர் மூக்கில் ஏறிவிட்டது. மாமாவுக்குத் தும்மல் வருவது என்றால் அது ஒரு பருவமாற்றம். முதலில் முகம் சுருங்கும். பிறகு கண்கள் எங்கோ தூரத்தில் தெரிகிற ஒன்றைப் பார்க்கும். நெஞ்சு உப்பும், கோட்டுப் பொத்தான்கள் ஒன்றையொன்று பார்த்துக் கவலைப்படும். அறையில் இருந்த காற்றை எல்லாம் அவர் ஒருவரே வாங்கிக்கொண்டார். கைக்குட்டையை எடுத்தார். புத்தகச் சுவர் பக்கம் திரும்பினார்.

தும்மினார்.

கட்டடத்தின் அடித்தளம் நகர்ந்தது என்று மாமா இன்றைக்கும் சொல்வார். அது நகரவில்லை. கீழே தெருவில் போன புறாக்கள் திசை மாறின என்பார். அது நிச்சயம் இல்லை. ஆனால் அந்தப் புத்தகச் சுவர் ஒரு தரம் முன்னால் வந்தது, ஒரு தரம் பின்னால் போனது, பிறகு யோசித்துப் பார்த்து, பின்பக்கமாகவே மெல்லச் சாய்ந்து, படார் என்று விழுந்தது. புத்தகம் ஒன்றுகூடச் சிதறவில்லை. சிதற அங்கே புத்தகம் இல்லை. மெல்லிய பலகை, அதன்மேல் புத்தக முதுகுகளை அச்சடித்து ஒட்டிய தாள். அவ்வளவுதான்.

மாமா கதையை நிறுத்துகிற இடம் இது. இதற்குப் பிறகு அவர் கையைத் தட்டுவார், எல்லோரும் சிரிப்பார்கள், யாராவது தேநீர் கொண்டு வருவார்கள்.

அங்கே யாரும் சிரிக்கவில்லை.

பலகைக்குப் பின்னால் ஒரு பெரிய கூடம் இருந்தது. ஜன்னல்களில் பழுப்புக் காகிதம் ஒட்டி வெளிச்சத்தை மறைத்திருந்தார்கள். தரை முழுக்க மெத்தைகள், இடைவெளியே இல்லாமல். சுவரோரம் பயணப் பெட்டிகள், ஒன்றின்மேல் ஒன்று, விமானத்தில் ஒட்டிய சீட்டுகூடக் கிழிக்காமல். மெத்தைகளில் ஆட்கள் படுத்திருந்தார்கள். அவள் வயதுக்காரர்கள். ஆணும் பெண்ணும். நல்ல பகலில், உடுத்திய துணியோடு, செத்தமாதிரி தூக்கம்.

சத்தத்தில் விழித்துக்கொண்டார்கள். ஒருவரும் அலறவில்லை. என்ன விழுந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. எழுந்தார்கள், கண்ணைக்கூடத் துடைக்காமல் காலணியை மாட்டினார்கள், கூடத்தின் நடுவில் போய் வரிசையாக நின்றார்கள். வேலைக்குக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துவிட்டார்கள். நூலகத்தில் படித்துக்கொண்டிருந்தவர்களும் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு, உடைந்த பலகையை மிதித்துக்கொண்டு போய் வரிசையின் வாலில் சேர்ந்துகொண்டார்கள்.

பச்சை ஸ்வெட்டர்க்காரி கடைசியாகப் போய் நின்றாள். திரும்பி ஆடிட்டரைப் பார்த்தாள். காப்பாற்று என்று கேட்கிற பார்வை இல்லை அது. அவள் ஒரு அடி முன்னால் நகர்ந்து, தனக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டாள். பேருந்தில் இடம் கொடுப்பது போல, அத்தனை சாதாரணமாக.

அந்த இடத்துக்கு ஆடிட்டரின் கால் ஒரு அடி நகர்ந்தது. அதுதான் அவளுக்கு இன்றைக்கும் புரியாதது. தூக்கமும் இல்லை, மயக்கமும் இல்லை. கால் தானாக நகர்ந்தது.

மாமாவின் கை அவள் தோளில் விழுந்தது. பிறந்ததிலிருந்து வாயை மூடியறியாத மனிதர் அப்போது ஒரு சொல் சொல்லவில்லை. தேன் இன்னும் பாஸ்போர்ட்டைக் கையில் பிடித்தபடி வாய் பிளந்து நின்றாள். மாமா அவள் பக்கம் போய், பயணியிடம் டிக்கெட் வாங்குவது போல அதை அவள் விரல்களிலிருந்து உருவினார். அகலத் தோள்காரன் கூடத்துக்குள் ஓடி வரிசையை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தான். லிஃப்ட் அட்டை இல்லாமல் வராது. படிக்கட்டில் இறங்கினார்கள். போன் போயிற்று, பெட்டி போயிற்று. மாமாவின் கோட்டுப் பொத்தான் ஒன்று எங்கோ தெறித்தது, அதன் சத்தம் கீழே வரைக்கும் அவர்களோடு உருண்டு வந்தது.

பக்கத்துத் தெருவில் காவல் நிலையம். அங்கேதான் மாமாவுக்கு வாய் திரும்ப வந்தது. வந்தது பாருங்கள், அணை உடைந்த மாதிரி! ஆயிரம் பேர் என்றார். சங்கிலி என்றார். கூரையை முட்டும் பாஸ்போர்ட் குவியல் என்றார். தும்மி ஒரு கட்டடத்தைச் சாய்த்தேன் என்றார். எழுதிக்கொண்டிருந்த அதிகாரி ஆயிரத்தில் பேனாவை நிறுத்தினார். தும்மலில் மூடியே போட்டுவிட்டார். பார்த்ததைப் பார்த்தபடி சொன்னாலே ஊர் நடுங்கியிருக்கும். அதற்கும் சர்க்கரை தூவியே பழகிய நாக்கு அது.

ஒருவழியாக இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போவதற்குள் வெயில் சாய்ந்துவிட்டது. ஒன்பதாவது மாடி காலி. மெத்தை இல்லை, மேசை இல்லை, பிளாஸ்டிக் செடி கூட இல்லை. ஜன்னல்கள் திறந்து கிடந்தன. சுவரில் பெயின்ட் ஈரமாக இருந்தது. கீழே இருந்த காவலாளி, இந்த மாடிக்கு ரொம்ப நாளாக ஆளே வரவில்லை என்று சத்தியம் செய்தான்.

அதிகாரி ஆடிட்டரிடம் திரும்பினார். “நீங்க சொல்லுங்க. உள்ள யாரைப் பார்த்தீங்க?” என்று அந்த நாட்டு மொழியில் பொறுமையாகக் கேட்டார்.

அனுமதி முடிய இன்னும் கொஞ்ச நாள்தான். இடம் இல்லை. வழக்கு, விசாரணை என்று பெயர் எங்காவது ஏறிவிட்டால்? அதைவிடப் பெரிய பயம் ஒன்று அடியில் கிடந்தது. பார்த்தேன் என்று சொன்னால் அந்த வரிசையும் நிஜமாகிவிடும், வரிசையில் தனக்காக விட்ட இடமும் நிஜமாகிவிடும்.

“நான் சரியாப் பார்க்கல” என்றாள்.

மாமா அவளைப் பார்த்தார். கோபம் இல்லை. வீடு வரும் வரைக்கும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த வாரமே பழைய பல்கலைக்கழகத்திலிருந்து இடம் வந்தது. ஊரில் அப்பா இனிப்பு வாங்கி வினியோகித்தார். அதன்பிறகு மாமா வரிசையைப் பற்றிப் பேசியதே இல்லை; அவளே பார்க்கவில்லை என்றதை அவர் வாயிலிருந்து யார் நம்புவார்கள்? தும்மலை மட்டும் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனார், ஊதி ஊதிப் பெரிதாக்கினார், கடைசியில் ஒவ்வொரு தரமும் அவள் பக்கம் விரலை நீட்டினார். அவள் ஒவ்வொரு தரமும் கதை என்றாள். தும்மலை ஒப்புக்கொண்டால் அதற்குப் பின்னால் இருந்ததையும் ஒப்புக்கொள்ள வேண்டுமே!

மேசையில் தட்டுகள் காலியாகிவிட்டன. அத்தை சிட்டுவின் தண்ணீர்ப் புட்டியை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

“காலேஜ் பேரு வேற, இடம் வேற. நகரத்துக்கு அந்தப் பக்கம்” என்று சிட்டு மாமாவுக்கு விளக்கினாள், குழந்தைக்குச் சொல்வது போல. “உங்க தும்மல் அங்க வரைக்கும் வராது அங்கிள்.”

“என் தும்மல் கடல் தாண்டும்” என்றார் மாமா. ஆனால் குரலில் காற்று இறங்கியிருந்தது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். “பாப்பா, ஒரு வாரம் பொறுத்துப் போயேன். என்ன கெட்டுப்போச்சு?”

“ஒரு வாரம் பொறுத்தா இடம் போயிடும்னு சொல்லிட்டாங்க.”

கீழே தெருவில் ஹாரன் அடித்தது. ஒரே ஒரு தரம், மரியாதையாக.

சிட்டுவின் முகம் மலர்ந்தது. கைப்பையைத் திறந்து பாஸ்போர்ட் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டாள். எழுந்து போய் நீலப் பெட்டியின் கைப்பிடியை இழுத்தாள். அத்தை கதவைத் திறந்து பிடித்தாள். ஆடிட்டர் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தாள். வெள்ளை வேன். பக்கத்தில் எழுத்து எதுவும் இல்லை. ஓட்டுநர் இறங்கவில்லை. பின் இருக்கையில் ஒரு பெண் மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு நேராக முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது.

“வரேன்க்கா” என்றாள் சிட்டு ஆடிட்டரிடம். பிறகு வாசலில் நின்று சிரித்துக்கொண்டே, “கடைசியா ஒரு தரம் கேக்குறேன். அங்கிள் சொன்னதுல ஒரு பைசாவுக்காவது நிஜம் இருக்கா? ஆடிட்டர் சொன்னா நான் நம்புவேன்.”

அத்தை சிரித்தாள். மாமா இந்தத் தரம் விரலை நீட்டவில்லை. தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கீழே இன்னொரு தரம் ஹாரன், கொஞ்சம் நீளமாக.

ஆடிட்டர் ஜன்னலை விட்டு வந்து கதவைச் சாத்தினாள். சாத்திய கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். சிட்டுவின் சிரிப்பு பாதியில் நின்றது.

“மாமா தும்மினாரு” என்றாள். “ரெண்டு கையும் மூஞ்சியிலதான் இருந்துச்சு, கர்ச்சீப்போட. பலகையை அவர் தொடவே இல்லை. நான் பக்கத்துலதான் நின்னேன்.”

“என்னடி சொல்ற?” என்றாள் அத்தை.

“ஆயிரம் பேர் இல்ல. சங்கிலி இல்ல. புல்லும் முளைக்கல. ஆனா பின்னாடி ஆளுங்க இருந்தாங்க சிட்டு. நம்மள மாதிரி, படிக்க வந்தவங்க. அன்னிக்கு என்கிட்ட கேட்டாங்க, நான் பார்க்கலைன்னு சொல்லிட்டேன்.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “பார்த்தேன். எல்லாத்தையும் பார்த்தேன். அது நடந்துச்சு.”